சுத்தம் செய்து கொடுத்த கேசட்

மூன்று வருடங்களுக்கு முந்தைய பொங்கல் விடுமுறை. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டியிருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் இது நடந்தது. யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் கணவருக்கே பாதிதான் தெரியும். மீதியை இங்கேதான் எழுதப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். கல்யாணத்துக்குப் பிறகு சென்னை. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர்கள் செய்து கொடுப்பதில் எங்கே பிசகு என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் குணம் ஆபீஸோடு நிற்பதில்லை என்று என் கணவர் சொல்வார். சாம்பாரில் ஆரம்பித்து அவர் சட்டைக் காலர் வரைக்கும் நான் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பேனாம்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய வானொலி நாடகங்கள். கதவு கிரீச்சிடும் சத்தம், தேங்காய்ச் சிரட்டையில் தட்டிக் காட்டும் குதிரைக் குளம்பொலி, "யாரங்கே?" என்று நடுங்கும் ஒரு குரல். ஆளைப் பார்க்காமலே அவன் நல்லவனா கெட்டவனா என்று முடிவுகட்டுகிற அந்தச் சுகம் எந்தப் பெரிய திரையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை எங்கள் ஆபீஸில் வேலை மந்தமாக இருக்கும். அந்த நாட்களில் வீட்டு வேலை செய்துகொண்டே வரிசையாகக் கேட்பேன். நாடகம் ஓடும்போது யாராவது பேசினால் கொன்றுவிடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய வருடம் விளையாட்டாக ஒரு காரியம் செய்தேன். மாட்டுப் பொங்கலன்று மதியம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, ஜன்னல்களை மூடி, ஒரு பழைய நாடகத்தைப் போட்டேன். பத்துப் பேர் வந்தால் பெரிசு என்று நினைத்தேன். முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டல். "அடுத்த வருஷமும் கண்டிப்பா வெக்கணும்" என்றார்கள். நாலு பேர் பாராட்டிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அடுத்த வருடம் இதைவிடப் பெரிய பேர் வாங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் அந்த டிசம்பரில் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினேன். வானொலி நாடகம் பதிவான பழைய கேசட் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், செல்போனில் கேட்கிற மாதிரி மாற்றித் தருகிறேன், மாட்டுப் பொங்கலன்று எல்லோருமாகக் கேட்கலாம். இதற்கென்றே பழைய பொருள் விற்கிற கடையில் தேடிப் பிடித்து ஒரு கேசட் பிளேயரும் வாங்கி வைத்திருந்தேன்.

குடியிருப்பில் இருக்கிற எண்பது வீட்டிலிருந்து ஒரு கேசட்கூட வரவில்லை. வந்தது எங்கள் மோட்டார் அண்ணனிடமிருந்து.

அவர் குடியிருப்பில் குடியிருப்பவர் இல்லை. எங்கள் போர்வெல் மோட்டார், தண்ணீர்த் தொட்டி, குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். திருவேற்காடு போகும் வழியில் வீடு. எங்கள் கட்டடம் நிற்கிற இடத்தில் முன்பு நெல் விளைந்தது என்பதும், அவர் வீட்டுப் பெண்கள் அங்கே நாற்று நட்டவர்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தண்ணீர் வரவில்லை என்றால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான்.

ஒருநாள் காலை காலிங் பெல் அடித்தது. கையில் பால் கவரில் சுற்றிய கேசட்டோடு நின்றார்.

"மேடம், கீய ஒட்டிகீறீங்களே, பாத்தேன். இதுல ஒரு டிராமா கீது. போன்ல ஏத்திக் குடுத்தீங்கன்னா போதும். ஊட்ல டேப்பு எப்பவோ பூட்ச்சு. கடைகடையா கேட்டுகீறேன், ஒருத்தனும் இல்லன்டான்."

"தாராளமா குடுங்கண்ணா. எல்லாருமே சேர்ந்து கேட்டுரலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாரும் கேக்கலாம் மேடம், நல்லாருக்கும். ஆனா நடுநடுவுல பார்த்தீங்கன்னா..." என்று சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தார்.

அப்போது பார்த்து ஆபீஸிலிருந்து போன். "நான் பாத்துக்கறேண்ணா" என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் சொல்ல வந்ததை முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்குமா? அந்த அரை நிமிடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அருமையான நாடகம். மலை மேல் ஒரு பங்களா, காணாமல் போன ஒரு வைர மோதிரம், அதை எடுத்தது டாக்டரா, கணக்கப்பிள்ளையா, சமையல்காரரா என்று கடைசிவரை சொல்லாத கதை. இதுவரை நான் எங்கேயும் கேட்டிராதது. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. வானொலிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அதனால் அந்த வீட்டுச் சத்தம் அத்தனையும் உள்ளே இருந்தது. குக்கர் விசில், தெருவில் யாரோ கரும்பு விற்கிற குரல், குடம் உருளும் சத்தம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பெண் பேசிக்கொண்டே இருந்தாள். நாடகத்தில் டாக்டர் ஒரு வசனம் பேசினால் இவள் ரெண்டு பேசினாள். "இந்த டாக்டர் மூஞ்சி சரியில்ல" என்றாள். மூஞ்சியை எங்கே பார்த்தாளோ! கணக்கப்பிள்ளை இருமினால், "பொய் இருமலு, நம்பாத" என்றாள். சோகமான இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். இடையில் ஒரு தடவை மின்சாரம் போய்ப் பதிவு நின்றுவிட்டது போல; வானொலி மட்டும் பேட்டரியில் ஓடியிருக்க வேண்டும். மறுபடி ஆரம்பித்ததும், விட்டுப்போன கதையை அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதன் அடியில் பாவம் நாடகம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் அதிகம்.

இப்போதெல்லாம் இதற்கென்று மென்பொருள் வந்துவிட்டது. எந்தக் குரல் வேண்டாமோ அந்தக் குரலில் கொஞ்சம் தனியாக வெட்டிக் கொடுத்துவிட்டால் போதும். அதே குரல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தேடி உருவி எடுத்துவிடும். அப்படியும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் சுரண்ட வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று நாள் காலை இதற்கே போனது. பச்சரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அந்தப் பெண்ணைப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டேன். வேலை முடிந்ததும், பிரித்தெடுத்த குரலைத் தனியாகச் சேமித்து வைக்கட்டுமா என்று அந்த மென்பொருள் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

மூன்று நாள் அந்தக் குரலோடு இருந்திருக்கிறேன். அது யார் குரல் என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்து கேசட்டின் கதை. நாடகத்தைக் கணினிக்கு ஏற்றி முடிக்கிற நேரத்தில் நாடா பிளேயருக்குள் சிக்கிக்கொண்டது. பழைய நாடா. மெல்ல இழுத்தேன், சுருண்டது. கொஞ்சம் பலமாக இழுத்தேன், அறுந்துவிட்டது. சரி, செல்போனில்தான் ஏற்றித் தரப்போகிறோமே, இனிமேல் இது எதற்கு என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். போகி வந்தது. புகை கூடாது என்று எங்கள் குடியிருப்பில் எதையும் கொளுத்துவதில்லை. வாசலில் பெரிய டிரம்களை வைத்துவிடுவார்கள். வேண்டாததை அதில் போட்டால் காலையில் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். கிழிந்த பாய், கைப்பிடி போன வாணலி, எங்கள் பையனின் பழைய புத்தகங்கள் எல்லாவற்றோடும் அந்த டப்பாவையும் போட்டேன். அந்தச் சுறுசுறுப்பு அடங்காமல் மடிக்கணினிக்கும் போகி கொண்டாடினேன். இடம் அடைத்துக்கொண்டிருந்த அசல் பதிவையும் அதிலிருந்து வெட்டிவைத்த துண்டுகளையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று கணவரிடம் பெருமை வேறு. ஆபீஸில் எவனாவது நகல் எடுத்து வைக்காமல் ஒரு கோப்பில் கைவைத்தால் கிழித்துத் தோரணம் கட்டுகிறவள் நான்.

மாட்டுப் பொங்கல் மதியம் கூடம் நிரம்பிவிட்டது. மோட்டார் அண்ணனுக்கு போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். மஞ்சள் வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வழக்கமான கிரீஸ் பிடித்த காக்கிச் சட்டை இல்லாமல் அவரை எனக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. "இங்க வந்து உக்காருங்கண்ணா" என்றேன். "இருக்கட்டும் மேடம்" என்று கதவோரம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் ஒரு தடவைக்கு மேல் வற்புறுத்தவில்லை.

"இந்த நாடகத்தைக் குடுத்தது நம்ம மோட்டார் அண்ணன்தான்" என்று சொல்லி ஆரம்பித்து வைத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுக் கும்பிட்டார்.

நாடகம் ஓடியது. அத்தனை துல்லியம். மலையில் மழை பெய்கிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, நான் மட்டும் விழித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் வாங்குகிறவளுக்குக் கண் மூடுமா?

மோட்டார் அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். முதலில் முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது. பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. டாக்டர் பேசினார். அண்ணனின் சிரிப்பு கொஞ்சம் பெரிதானது. பிறகு குறைந்தது. கணக்கப்பிள்ளை இருமினார். அண்ணன் கண்ணைத் திறந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். சமையல்காரர் விளக்கை எடுக்கிற இடம் வந்தபோது, நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டி, இதோ என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். நாடகம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. தூக்கிய விரல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வயசானவர், தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன்.

முடிந்ததும் பலத்த கைதட்டல். "ஸ்டூடியோல உக்காந்து கேட்ட மாதிரி இருக்குங்க" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் கலைந்து, சுண்டல் கிண்ணங்களோடு எல்லோரும் வெளியே போன பிறகுதான் மோட்டார் அண்ணன் என்னிடம் வந்தார்.

"மேடம், வேற கேசட்டு எதுனா மாறிப்பூட்ச்சா?"

"இல்லண்ணா, நீங்க குடுத்ததுதான். எவ்வளவு தெளிவா இருந்துச்சு பாத்தீங்களா!"

அவர் தலையைச் சொறிந்தார். தப்பு தன்மேல்தான் இருக்கும் என்கிற மாதிரி தயங்கினார். பிறகு கேட்டார்.

"இல்ல... எங்க அக்காவக் காணமே?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அதைவிடக் கேவலம், புரிந்ததும் என் வாயிலிருந்து வந்தது பெருமைதான். "ஓ, அந்தப் பேச்சுச் சத்தமா! அதெல்லாம் சுத்தமா எடுத்துட்டேண்ணா. மூணு நாள் உக்காந்து எடுத்தேன்."

"எட்த்துட்டீங்களா" என்றார். ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். "அது சத்தம் இல்ல மேடம். எங்க அக்கா."

பிறகு அவரே சொன்னார், நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அக்காதான் அவரை வளர்த்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போய் வளர்த்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் வானொலி நாடகம் என்றால் உயிர். திருடன் யார் என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டிக்கொண்டு கேட்பார்களாம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த நாடகம். பக்கத்து வீட்டில் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, தம்பிக்காக அக்கா பதிவு செய்து வைத்தாள். தம்பி தனியாகக் கேட்க வேண்டி வருமே என்று, கூடவே உட்கார்ந்து கேட்கிற மாதிரி பேசியும் வைத்தாள். சில வருடங்களில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள்.

"போட்டோ ரெண்டு கீது மேடம். கொரலு அது ஒண்ணுதான். பதினஞ்சு வருசமாச்சு கேட்டு. இன்னிக்கு எல்லாரும் எங்க அக்கா பேசறதக் கேட்டு சிரிப்பாங்கன்னு நெனச்சுகினு வந்தேன்."

அவர்தான் என்னைச் சமாதானம் செய்தார். "பரவால்ல மேடம். உங்களுக்கு இன்னா தெரியும். கேசட்ட மட்டும் குடுத்துடுங்க, வேற எங்கனா ஏத்திக்கிறேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரின் தப்புகளைக் கூட்டத்தில் வைத்து வரிசையாக வாசித்திருக்கிறேன். என் தப்பைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நாடா அறுந்ததைச் சொன்னேன். போகி டிரம்மில் போட்டதைச் சொன்னேன். அசலை அழித்ததையும் சொன்னேன்.

"போகிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுக்கிய நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். "வந்ததோட வந்தேன், மோட்டார ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போய்விட்டார். பண்டிகை நாள். மோட்டாருக்கு ஒரு கோளாறும் இல்லை. கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டு அவர் அங்கே ரொம்ப நேரம் இருந்தார். நான் கூடத்திலேயே நின்றேன். போய்க் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காணும் பொங்கல். ஊரே கிளம்பிக் கடற்கரைக்குப் போக, நான் குப்பை தரம் பிரிக்கிற கொட்டகைக்குப் போனேன். கையுறை போட்ட ஒரு பெண்மணி என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "கேசட்டாமா? போகி குப்ப அன்னிக்கே லாரில பூட்ச்சும்மா. மல மாரி வந்துச்சு, எங்கன்னு தேடுவ?" என்றார். ஆனாலும் மூலையில் மிச்சமிருந்த இரண்டு மூட்டைகளைப் பிரித்து என்னோடு தேடினார். ஒன்றும் இல்லை. ஆபீஸில் இதில் கெட்டிக்காரனான ஒரு பையனிடம் மடிக்கணினியைக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். காலி செய்த இடத்தில் என் வேறு வேலைகள் ஏறி உட்கார்ந்துவிட்டன என்றான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், உடனே மோட்டார் அண்ணன் ஞாபகம் வரும். சனிக்கிழமை காலை காபி குடிக்கும்போது என் கணவர் ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரி சொன்னார்.

"ஏய், அந்தம்மா பேசறத எனக்கு ஒரு தடவ அனுப்புனியே. அது இருக்குதா பாரு."

எனக்கு மறந்தே போயிருந்தது. போனை எடுத்து அவரோடான வாட்ஸ்அப்பில் டிசம்பர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். இருந்தது. மென்பொருளுக்குக் காட்டுவதற்காக அந்தக் குரலை மட்டும் தனியாக வெட்டினேன் இல்லையா, அந்தத் துண்டு. அதைக் கணவருக்கும் அனுப்பியிருக்கிறேன். எதற்கு? சேர்ந்து சிரிக்க. அதன் கீழே நான் எழுதியிருந்தது இது: "மூணு நாளா இந்தக் குப்பையத்தான் பெருக்கிட்டு இருக்கேன்." பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள்.

அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. யாரோ நடுத்தெருவில் நிறுத்தி என் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரும் அன்றைக்கு அதற்கு நாலு முகங்கள் திருப்பி அனுப்பியவர்தான்.

அன்றைக்கே மோட்டார் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு. வாசலில் பொங்கல் கோலம் பாதி அழிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் பதறி, "இன்னா மேடம், தண்ணி வர்லயா?" என்றார். என்னைப் பார்த்தால் அவருக்கு வேறு என்ன தோன்றும்?

உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். நான் தரையிலேயே உட்கார்ந்தேன். போனை நடுவில் வைத்து அழுத்தினேன்.

"டேய், கரண்டு பூட்சுடா. ரெண்டு நிமிசம் உட்டுப்போச்சு. இன்னா நடந்துச்சுன்னா, சமையக்காரன் தோட்டத்தாண்ட போனான், கைல வெளக்கு கீது. அவ்ளோதான், நீ ஒண்ணும் உட்டுடல. நான்தான் கேட்டுகினு கீறேன்ல. ஐயோ, அடுப்புல கொயம்பு கீதுடா, தோ வர்றேன்..."

பாத்திரம் விழுகிற சத்தத்தோடு அது முடிந்துவிடும். இருபது விநாடிகூட இல்லை.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "அன்னிக்குக் கொயம்பு தீஞ்சுபோச்சு மேடம். ஊட்டுக்கு வந்து அத்ததான் துன்னேன்" என்றார். சிரிப்பு நிற்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி. நான்காவது தடவை, அக்கா "டேய்" என்றதும் இவர் "ம்" என்றார். அவருக்கே தெரியாமல் வந்த "ம்" அது.

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு மணி நேர நாடகத்தில் அக்கா பேசியது அத்தனையையும் தொலைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

"மேடம், எல்லாம் அயிஞ்சுபூட்ச்சுன்னீங்க. இது மட்டும் எப்டி தப்பிச்சுது?"

அக்காவின் பேச்சைக் கணவருக்கு அனுப்பி நான் சிரித்ததைச் சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். "தனியா ஒரு இடத்துல எடுத்து வெச்சிருந்தேண்ணா" என்றேன்.

"நல்லவேள மேடம். நீங்க பத்திரமா எட்த்து வெச்சதால கெடச்சுது" என்று என்னைக் கும்பிட்டார். நெற்றிவரை கை தூக்கிக் கும்பிட்டார். தன் போனை என்னிடம் நீட்டி, இதில் ஏற்றிக் கொடுங்கள் என்றார். கணவருடனான அந்தப் பேச்சிலிருந்து அப்படியே அனுப்பினால் எங்கே அந்த வரியும் கூடவே போய்விடுமோ என்று பயந்து, துண்டை முதலில் என் போனில் தனியாக இறக்கினேன். அதிலிருந்து அனுப்பினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். பிசகு தேடுவதில் பழக்கப்பட்ட கை அல்லவா. கிளம்பும்போது, வேண்டாம் என்றாலும் கேட்காமல், பூஜைக்கு வைத்திருந்த கரும்பில் ஒன்றை ஒடித்துக் கொடுத்தார்.

அந்தக் கரும்பை வீட்டில் யாரும் தின்னவில்லை. பால்கனியில் கிடந்து காய்ந்தது.

மாட்டுப் பொங்கல் நாடகம் எங்கள் குடியிருப்பில் இப்போதும் நடக்கிறது. நான்தான் நடத்துகிறேன், விட்டுவிடத்தான் நினைத்தேன், விடமாட்டோம் என்றார்கள். எந்தப் பதிவையும் நான் சுத்தம் செய்வதில்லை. இருமல், விசில், நாய்க் குரைப்பு எல்லாம் அப்படியே வரும். "அந்தத் தடவ மாதிரி தெளிவா இல்லையே" என்று சிலர் குறைப்படுகிறார்கள். படட்டும். அந்த மலை பங்களா நாடகத்தை மட்டும் மறுபடி நான் போட்டதே இல்லை.

மோட்டார் அண்ணன் மாதம் ஒரு தடவை வருகிறார். சில நாள் மோட்டார் அறைப் பக்கம் போனால், உள்ளேயிருந்து "டேய், கரண்டு பூட்சுடா" என்று கேட்கும். மோட்டார் சத்தத்தில் மீதி கேட்காது. எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே. என்னைப் பார்த்தால் வெளியே வந்து, "உங்க புண்ணியம் மேடம்" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "தண்ணி ஒழுங்கா வருதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுகிறேன்.

அவரிடம் மிஞ்சியிருப்பது நான் பத்திரப்படுத்திய குரல் இல்லை, நான் கேலி செய்ததால் மட்டுமே தப்பிய குரல். அதற்காக அவர் சொல்லும் நன்றியை என்னால் வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.